மண்ணு தின்னாத மனுசன்

சீமித் தீவு, 12 பெப்ரவரி 1984

அதான் சொல்றேன் செவஸ்தி, இந்தக் கடுதாசியை நின்னுக்கிட்டுப் படிக்காத. உக்காரு. அடுப்புல ஏதாச்சும் இருந்தா இறக்கி வச்சிடு. உங்க அத்தை சாம்பிகாதான் எழுதறேன். பனோர்மிட்டிக் கோயில் மிக்கேல் சம்மனசு புண்ணியத்துல முட்டிவலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்ல. நீ, உன் வீட்டுக்காரர், பொண்ணு எல்லாம் சுகந்தானே? இந்த மாசம் மெல்பர்ன்ல வெயில் கொளுத்தும்னு போன தடவை எழுதியிருந்த. இங்க மழை விட்டபாடில்ல.

உங்கப்பனைப் போன வியாழக்கிழமை தோண்டினோம். புதைச்சு மூணு வருசம் முடிஞ்சிருச்சு, எலும்பை எடுத்துருங்க, அடுத்தவங்களுக்கு இடம் வேணும்னு கோயில்ல ஆள் விட்டாங்க. நானும் எலும்பு கழுவ ரெண்டு போத்தல் திராட்சரசம், வெள்ளைத் துணி, பேரு எழுதின தகரப் பெட்டி எல்லாம் எடுத்துக்கிட்டுப் போனேன். கூட ஏழெட்டுப் பொம்பளைங்க. என் வீட்டுக்காரர், உன் மாமா வசீலியை எடுத்தப்ப நீ பார்க்கல. அவர் எலும்பு ஒவ்வொண்ணும் தேன்மெழுகு மாதிரி மஞ்சளா வந்துச்சு. புண்ணியவான்னு ஊரே சொல்லிச்சு. அண்ணனும் அப்படித்தான் வருவான்னு நினைச்சேன்.

வரலடி. குழி வெட்டற லாம்ப்ரோ மண்வெட்டியைப் போட்டுட்டு மேல ஏறி வந்தான். "சாம்பிகாக்கா, நீங்க பார்க்க வேணாம்"னான். நான் எட்டிப் பார்த்துட்டேன். முகம் இருந்துச்சு. கை இருந்துச்சு. கறுத்துப் போய், தூங்கறவன் மாதிரி கெடந்தான். மண்ணு அவனைத் தொடல.

யாரும் அழல. அதுதான் எனக்குப் பயமா இருந்துச்சு. அப்பறம் ரொட்டிக்கடை மருக்கா வாயைத் தொறந்தா: "பதினெட்டு வருசத்துக்கு முந்தி கரையில நின்னு சொன்னாளே ஒருத்தி, அது பலிச்சிருச்சு."

நீ என்ன சொன்னேன்னு நான் எழுதிக் காட்டணுமா? ஆப்பிரிக்காவுக்குக் கடற்பஞ்சு எடுக்கப் போன உங்கப்பன் படகு திரும்பி வந்துச்சு. உனக்கு நிச்சயம் பண்ணின பந்தெலி அதுல இல்ல. மணிக்கூண்டுக்குக் கீழ நின்னு, பெத்த அப்பனைப் பார்த்து, "உன்னை மண்ணு தின்னாம போகட்டும்"னு சொன்ன. துறைமுகமே கேட்டுச்சு.

கிரிகோரி சாமியார் செபம் வாசிச்சு திரும்பப் புதைச்சாரு. செப்டம்பர்ல மறுபடி தோண்டுவாங்க. அதுக்குள்ள சாபம் விட்டவ வந்து, கல்லறை மேல நின்னு, மன்னிச்சேன்னு சொல்லணும். இல்லன்னா மதிலோரத்துக் குழிதான் அவனுக்கு. பேரும் கெடையாது, விளக்கும் கெடையாது. கடுதாசியில எழுதி அனுப்பினா போதாதான்னு கேட்டேன். வாயால விட்டதை வாயாலதான் எடுக்கணுமாம்.

தாயில்லாப் பிள்ளைன்னு உன்னை வளர்த்தவ கேக்கறேன். வந்துட்டுப் போடி. உடம்பைப் பார்த்துக்க.

சாம்பிகா அத்தை

*

சீமி, 25 மார்ச் 1984

செவஸ்திக்கு அத்தையோட ஆசீர்வாதம். நான் சுகம். நீயும் சுகமா இருக்கணும்னு மாதாகிட்டக் கேட்டுக்கறேன்.

பதில் வரல. தபால் தப்பிப் போயிருக்கும்னு நினைச்சுக்கறேன்.

இன்னைக்கு மாதா திருநாள். எல்லார் வீட்லயும் கருவாட்டு மீன் பொரிக்கிற வாசனை. என் வீட்டுக்கு ஒருத்தரும் தட்டு நீட்டல. செத்தவங்களை நினைக்கிற ஆத்துமாக்கள் சனிக்கிழமைக்கு அண்ணன் பேர்ல கோதுமை அவிச்சு, சர்க்கரையும் மாதுளம் முத்தும் கலந்து கோயிலுக்குக் கொண்டு போனேன். எப்பவும் பாத்திரம் வழிச்சுப் போகும். அன்னைக்கு ஒருத்திகூடக் கை நீட்டல. மருக்கா மட்டும், "வயிறு சரியில்லக்கா"ன்னா. அவளுக்கு வயிறு சரியில்லாமப் போய் நான் பார்த்ததே இல்ல. மொத்தத்தையும் கோழிக்குப் போட்டேன்.

முட்டி அப்படியேதான் இருக்கு. எழுது.

அத்தை

*

மெல்பர்ன், 9 ஏப்ரல் 1984

அத்தைக்கு செவஸ்தி எழுதறேன். நாங்க மூணு பேரும் நல்லா இருக்கோம். உங்க முட்டிக்குத் தைலம் தனியா அனுப்பியிருக்கேன், ராத்திரி தேய்ச்சுக்கிட்டுப் படுங்க.

ரெண்டு கடுதாசியும் வந்துச்சு. முதல் கடுதாசியை நின்னுக்கிட்டேதான் படிச்சேன்.

நான் சொன்னது எனக்கு மறக்கல அத்தை. திரும்ப எடுக்கவும் மாட்டேன். ஆழத்துல முங்கறவனை ஒரே நாள்ல மூணாவது தடவை இறக்கினா அவன் உசுரோட ஏறமாட்டான்னு நம்ம ஊர்ல பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். அப்பாவுக்குத் தெரியாதா? கரையில வச்சுக் கேட்டேன். "நான்தான் இறக்கினேன்"னு அத்தனை பேர் முன்னால சொன்னாரு.

பந்தெலியை ஆப்பிரிக்கா மணல்ல புதைச்சாங்க. மேல உடைஞ்ச துடுப்பை நட்டாங்களாம். அவன் எலும்பை யாரு தோண்டினா? யாரு திராட்சரசத்துல கழுவினா? அவனுக்கு இல்லாத தகரப் பெட்டி இவருக்கு எதுக்கு?

கோபமா எழுதறேன்னு நினைக்காதீங்க. உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல. அந்த வீட்ல எனக்கு நல்லது செஞ்சவங்க நீங்களும் மாமாவும் மட்டும்தான். கப்பல்ல ஏத்திவிட வந்தப்ப மாமா என் பொட்டியைப் பிடிச்சுக்கிட்டு எப்படி அழுதாரு. அப்பா வரக்கூட இல்ல.

தைலம் கண்ணுல பட்டா எரியும், ஜாக்கிரதை.

செவஸ்தி

*

சீமி, 26 ஏப்ரல் 1984

கிறிஸ்து உயிர்த்தாருடி செவஸ்தி. பாஸ்கா நல்லபடியா முடிஞ்சுதா? ஆட்டுக்குட்டி வாங்கினியா? பிள்ளைங்க மூணும் வெளியூர்ல, நான் ஒத்தையாள், அரைக் கிலோ கறியை வச்சுக்கிட்டு மூணு நாள் தின்னேன். தைலம் வந்துச்சு. ஆண்டவர் உனக்குக் கொடுப்பாரு.

நீ எழுதினதுல உன் மாமா அழுதாரேன்னு ஒரு வரி இருந்துச்சு. அதை நாலு தடவை படிச்சேன். சரி, அது கெடக்கட்டும்.

லாம்ப்ரோ வீட்டுக்கு வந்தான். குடிச்சிருந்தான், ஆனா நிதானமாத்தான் பேசினான். "அக்கா, இதுல சாபமும் இல்ல, ஒரு எழவும் இல்ல. நைலான்"ங்கறான். "ரோட்ஸ் தீவுக்குப் போய் ஆசையா வாங்கிட்டு வந்து அண்ணனுக்கு மாட்டினீங்களே, இஸ்திரி வேண்டாத சட்டை, அதுக்கு மேல நைலான் கோட்டு, அதுக்கு மேல நைலான் விரிப்பு. மண்ணு எந்த வழியா உள்ள போகும்? கொஞ்ச வருசமா நிறைய பேர் இப்படித்தான் வர்றாங்க. போன மாசம் வாத்தியாரம்மாவோட ரெண்டு காலும் காலுறைக்குள்ள அப்படியே இருந்துச்சு."

"அப்ப அந்தம்மாவுக்கும் யாரோ சாபம் விட்டிருக்காங்க"ன்னேன்.

"அந்தம்மாகிட்டப் படிச்ச எல்லாரும்தான் விட்டோம்"னான்.

சிரிப்பு வந்துச்சு, அடக்கிக்கிட்டேன். கேளு, நைலானோ என்னவோ, எனக்கு அந்தப் படிப்பெல்லாம் இல்ல. ஊரு நைலானைப் பத்திப் பேசல. என் அண்ணனைப் பத்திப் பேசுது. சின்னப் பிள்ளைங்க அவன் கல்லறைப் பக்கம் போறப்ப எச்சி துப்பிட்டு ஓடுதுங்க. அவன் கெட்டவன் இல்ல செவஸ்தி. இதை மட்டும் நம்பு. வேற எதையும் நம்பாட்டிப் போ.

உன் பொண்ணுக்குப் பாஸ்காவுக்குச் சாயம் போட்ட சிவப்பு முட்டை ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன். அதை எப்படி அனுப்பறதுன்னுதான் தெரியல. எல்லாரும் நல்லா இருங்க.

அத்தை

*

மெல்பர்ன், 27 மே 1984

அத்தைக்கு, நாங்க சுகம். இங்க குளிர் ஆரம்பிச்சிருச்சு.

ஆகஸ்ட்ல வர்றேன். ஒரு வாரம். தனியாத்தான் வர்றேன்.

நைலானுக்காகவும் இல்ல, மருக்காவுக்காகவும் இல்ல. ஆஸ்பத்திரிச் சமையல்கட்டுல பாத்திரம் கழுவறப்பகூட அந்த முகம் கண்ணுக்கு வருது, நீங்க எழுதினீங்களே, கறுத்த முகம், அது. நான் விட்ட வார்த்தை அங்க மண்ணுக்குள்ள உக்காந்திருக்குன்னு தோணுது. எனக்குத் தூக்கம் போச்சு.

ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், அதுக்கு மட்டும் பதில் எழுதுங்க. கடைசியா படுக்கையில இருந்தப்ப அப்பா என்ன பேசினாரு? பந்தெலி பேரைச் சொன்னாரா? என் பேரைச் சொன்னாரா?

உடம்பைப் பார்த்துக்கங்க.

செவஸ்தி

*

சீமி, 18 ஜூன் 1984

என் கண்ணு செவஸ்திக்கு. உன் கடுதாசியைக் கையில வச்சுக்கிட்டே ஐநூறு படி ஏறி மேலூர்க் கோயிலுக்குப் போய் மெழுகுதிரி ஏத்திட்டு வந்தேன். முட்டி வலிக்கவே இல்ல. அது சம்மனசு வேலைதான், உன் தைலம்னு நீ சொல்லுவ.

உன் பழைய கட்டிலை வெயில்ல போட்டு எடுத்துட்டேன். சன்னலுக்கு நீலச் சாயம் அடிச்சாச்சு. துறைமுகத்தைப் பார்த்தா உனக்கு அடையாளம் தெரியாது. காலையில ரோட்ஸ்லேர்ந்து படகு வந்தா முந்நூறு வெளிநாட்டுக்காரங்க இறங்கறாங்க. வீடு வீடாப் படம் எடுக்கறாங்க. போன வாரம் ஒருத்தி நான் துணி காயப் போடறதைப் படம் எடுத்தா. என் உள்பாவாடை இப்ப எந்த ஊர்ல தொங்குதோ. பஞ்சுக் கிடங்கெல்லாம் சாப்பாட்டுக்கடை ஆயிருச்சு. பஞ்சு நாத்தத்துக்கு நாம மூக்கைப் பொத்தின இடத்துல அவங்க உக்காந்து இறால் தின்றாங்க.

நீ வர்ற படகு மத்தியானத்துக்கு முந்தி வந்துரும். கரையிலேயே நிப்பேன். கத்தரிக்காய் அடைச்சு வைக்கவா, இல்ல குட்டி இறால் பொரிக்கவா? எழுது. கம்பளி ஒண்ணும் வேண்டாம். தலைக்குத் துணி கொண்டு வா, கோயிலுக்கு வேணும்.

ஏதோ கேட்டிருந்தியே, அதை நேர்ல பேசிக்கலாம். பத்திரமா வா.

அத்தை

*

பிரேயுஸ் துறைமுகம், 30 ஆகஸ்ட் 1984

அத்தைக்கு. நல்லபடியா வந்து சேர்ந்தேன். நாளைக்குக் காலையில விமானம். விடுதியில உக்காந்து எழுதறேன். சிலதை நேர்ல கேக்க வாய் வரல.

ஏழு நாளும் நீங்க என்னைச் சாப்பிட வச்சீங்க, அவ்வளவுதான். அப்பா கடைசியா என்ன சொன்னாருன்னு மூணு தடவை கேட்டேன். முதல் தடவை காபி பொங்குதுன்னு எழுந்து போனீங்க. அடுப்புல காபியே இல்ல. ரெண்டாவது தடவை கோயில் மணின்னீங்க. மூணாவது தடவை காது கேக்கலன்னீங்க. நாலு வீடு தள்ளி மருக்கா முணுமுணுக்கறது உங்களுக்குக் கேக்கும்.

கல்லறையில நடந்ததை நினைச்சுக்கிட்டே இருக்கேன். சாமியார் இருந்தாரு, பாதி ஊரு இருந்துச்சு, மதிலுக்கு மேல ஏறி நின்னு வெளிநாட்டுக்காரன் ஒருத்தன் படம் எடுத்தான், லாம்ப்ரோ அவனைக் கெட்ட வார்த்தையில திட்டினான். நான் வாயைத் தொறந்தேன். "பந்தெலியைக் கொன்னதுக்கு உன்னை மன்னிச்சேன்ப்பா"ன்னு சொல்ல ஆரம்பிச்சதும் நீங்க என் மணிக்கட்டைப் பிடிச்சு, "வேணாம், அப்படிச் சொல்லாத"ன்னீங்க. நகம் பட்டுச்சு. இன்னும் தழும்பு இருக்கு. வரச் சொன்னவங்களே நீங்கதானே. ஏன் தடுத்தீங்க? நான் கையை உதறிட்டு மூணு தடவையும் சொல்லி முடிச்சேன்.

அப்பறம் எலும்புப் பெட்டிங்க அடுக்கி வைக்கிற அறையில மாமா பெட்டிக்கு முன்னால நான் மெழுகுதிரி ஏத்தி வச்சப்ப நீங்க வெளிய போயிட்டீங்க.

முட்டியைப் பார்த்துக்கங்க. கத்தரிக்காய் நல்லா இருந்துச்சு.

செவஸ்தி

*

சீமி, 1 அக்டோபர் 1984

செவஸ்திக்கு ஆசீர்வாதம். எனக்குச் சுகம்தான், கொஞ்சம் தலைசுத்தல். நீ ஊரு போய்ச் சேர்ந்திருப்ப. உன் பொண்ணுக்கு நான் கொடுத்த மேசைத்துணி பிடிச்சிருந்துச்சா?

வெள்ளிக்கிழமை தோண்டினாங்க. வெறும் எலும்பு. சுத்தமா, மஞ்சளா, உன் மாமாவை விடவும் நல்லா வந்துச்சு. சாமியாரே அழுதுட்டாரு. தலையை நான்தான் தூக்கினேன். திராட்சரசத்துல கழுவினேன். மருக்கா என் கையைப் பிடிச்சு முத்தம் கொடுத்தா. "மக சொன்ன ஒரு வார்த்தையில கரைஞ்சிட்டான்"னு ஊரெல்லாம் பேச்சு. பக்கத்துத் தீவுலேர்ந்துகூட ஒருத்தி வந்து, உன்னைப் பத்திக் கேட்டுட்டுப் போறா.

லாம்ப்ரோ மட்டும் தனியா வந்து சொன்னான். பெப்ரவரியில திரும்பப் புதைக்கறப்பவே நைலானை எல்லாம் கிழிச்சுப் போட்டுட்டானாம். வெளிய சொல்லிடாதடான்னேன்.

உன் கடுதாசிக்கு என்ன பதில் எழுதறதுன்னு தெரியல. மணிக்கட்டுக்குத் தேன் தடவு, தழும்பு போயிரும்.

அத்தை

*

மெல்பர்ன், 28 அக்டோபர் 1984

என் அத்தைக்கு. எல்லாரும் சுகம். தலைசுத்தலுக்கு டாக்டரைப் பாருங்க, மெழுகுதிரியோட விட்டுடாதீங்க.

உங்க கடுதாசியைப் படிச்சதும் சமையல்கட்டுத் தரையில உக்காந்துட்டேன். அன்னைக்கு ராத்திரி விடியற வரைக்கும் தூங்கினேன். கல்யாணம் ஆனதுலேர்ந்து அப்படித் தூங்கினதில்ல.

என் பொண்ணுகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். இத்தனை வருசமா தாத்தாவைப் பத்தி ஒரு வார்த்தை பேசினதில்ல. உங்க தாத்தா பேராசைக்காக ஒருத்தனைச் சாகவிட்டாரு, இருந்தாலும் அம்மா மன்னிச்சுட்டேன்னு சொன்னேன். அவ என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா. இப்ப பள்ளிக்கூடத்துக்குக் கட்டுரையா எழுதறா.

பந்தெலியோட தங்கச்சி பெர்த்துல இருக்கா, அவளுக்கும் எழுதிட்டேன். எங்கப்பா செஞ்சதுக்கு நான் மன்னிப்புக் கேக்கறேன்னு.

நீங்க இல்லன்னா இது நடந்திருக்காது. உங்களுக்குக் கோடிப் புண்ணியம்.

செவஸ்தி

*

சீமி, 2 டிசம்பர் 1984

செவஸ்தி, நீயும் வீட்டுக்காரரும் பொண்ணும் சுகமா இருக்கணும். இதைப் படிச்சப்பறமும் இருக்கணும். என்னை விசாரிக்காத.

போன மாசம் எட்டாம் தேதி பனோர்மிட்டித் திருநாளுக்குப் படகேறிப் போனேன். எல்லாரையும் போல நானும் சம்மனசுக்குக் காணிக்கையா ஒரு புது விளக்குமாறு நேர்ந்து எடுத்துக்கிட்டுத்தான் போனேன். வாசல் வரைக்கும்தான் போக முடிஞ்சுது. சம்மனசு கையில வாளைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறாரு. நான் கையில விளக்குமாத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறேன். உள்ள கால் வைக்க முடியல. உன் பொண்ணு கட்டுரை எழுதறாளேன்னு அதையேதான் நினைச்சுக்கிட்டு நின்னேன்.

உங்கப்பன் பந்தெலியை இறக்கல.

அன்னைக்கு அவன் படகுலயே இல்ல. குடிதண்ணி பிடிக்கச் சின்னப் படகுல கரைக்குப் போயிருந்தான். முங்கறவனோட கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நேரம் பார்த்தவர் உன் மாமா. கீழ நல்ல பஞ்சு கெடக்குன்னு பந்தெலி ரெண்டாவது தடவை ஏறினப்ப சொன்னானாம். "இன்னும் ஒரே ஒரு தடவை"ன்னு வசீலிதான் இறக்கினாரு. மேல இழுத்ததும் நிறுத்தி நிறுத்தி இழுக்காம அவசரமா இழுத்தாரு. உங்கப்பன் திரும்பி வந்தப்ப பந்தெலி பலகை மேல கெடந்தான்.

அண்ணன் வசீலிகிட்டச் சொன்னது இதுதான். "படகு என்னுது, இது என்னைச் சேரட்டும். உனக்கு ரெண்டு பிள்ளைங்க, சாம்பிகா மூணாவது சுமக்கறா. ஊரு உன்னை வாழ விடாது. என் மக என்னைத் திட்டிட்டு ஒருநாள் மறந்துருவா." படகாளுங்ககிட்டயும் வெளிய சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான். கப்பல்ல உன்னை ஏத்திவிட உங்கப்பன் வராதது இதனாலதான். உன் முகத்தைப் பார்த்தா சொல்லிருவேன்னு பயந்தான். உன் மாமா அழுதது எதுக்குன்னு இப்ப நீயே புரிஞ்சுக்க.

எனக்கு அந்தக் குளிர்காலத்துலயே தெரியும். வசீலியே சொல்லிட்டாரு. வசீலி செத்தப்பறம் உனக்கு எழுதிடுன்னு அண்ணன் சொல்லியிருந்தான். அவர் போய் எட்டு வருசம் ஆச்சு. ஒவ்வொரு தடவையும் எழுத உக்காருவேன். முட்டிவலின்னு எழுதுவேன், மழைன்னு எழுதுவேன், ஒட்டிருவேன். அதுக்குள்ள வசீலி எலும்பு தேன்மெழுகா வந்துருச்சு. புண்ணியவான் பொண்டாட்டின்னு எனக்குக் கோயில்ல முன் வரிசை. அதை விட மனசு வரல. இதுதான் உண்மை, வேற காரணம் சொன்னா நாக்கு அழுகிரும்.

உன்னை எதுக்கு வரச் சொன்னேன்னா, நீ ஒரு வார்த்தை சொன்னா அவனும் கரைஞ்சிருவான், நானும் எதையும் சொல்லாமலே தப்பிச்சுருவேன்னு நினைச்சேன். நீ கொன்னதுக்குன்னு ஆரம்பிச்சப்ப தாங்கல. செய்யாததுக்கு அவனை மன்னிக்கிற. பிடிச்சு நிறுத்தப் பார்த்தேன், தைரியம் பத்தல.

சாமியார்கிட்டச் சொல்லிட்டேன். வர்ற ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் ஊரு முன்னால சொல்லணும்னு சொல்லியிருக்காரு. சொல்லுவேன். பந்தெலி தங்கச்சிக்கு நானே எழுதறேன். நீ எனக்கு எழுத வேண்டாம். எழுதணும்னு தோணினா திட்டி எழுது.

பொண்ணைப் பார்த்துக்க. குளிர்ல வெறும் காலோட நடக்காத.

சாம்பிகா

கவர்ல போட்டு ஒட்டப் போனவ, திரும்பத் தொறந்து எழுதறேன். நீ மூணு தடவை கேட்டியே, அதுக்கு இன்னும் பதில் சொல்லல. அண்ணன் படுத்த படுக்கையா இருந்தப்ப, "செவஸ்திக்கு எழுதிட்டியா?"ன்னு கேட்டான். "எழுதிட்டேண்ணே"ன்னேன். "எல்லாத்தையுமா?"ன்னான். "எல்லாத்தையும்"னேன். "என்ன பதில் போட்டா?"ன்னான். இன்னும் வரலன்னு சொன்னேன். அதுக்கப்பறம் ஒன்பது நாள் உசுரோட இருந்தான். தபால் படகு ஊதறப்பெல்லாம் கட்டிலைச் சன்னல் பக்கம் தள்ளச் சொல்லுவான்.